நான்கு கூடுதல் பதவிகளையும் பறித்துக்கொண்டு ஒரு மாத விடுப்பு வழங்கக் கோருதல்

அனுப்புநர்:
நூர்நிஷா, க/பெ. கிதிர் முகம்மது,
கணினி இயக்குநர் (ஒப்பந்தப் பணி),
கூடுதல் பொறுப்பு: மேலாளர், செயலாளர், தலைவர், உள் தணிக்கையாளர்,
சாரல் விடுதிகள் கூட்டுறவுச் சங்கம்,
குற்றாலம்.

பெறுநர்:
உயர்திரு மேற்பார்வை அலுவலர் அவர்கள்,
பொதிகைப் பகுதி கூட்டுறவு விடுதிகள் ஒன்றியம்,
தென்காசி.

பொருள்: எனது விடுப்பை அனுமதிக்கும் அதிகாரம் முழுவதும் எனக்கே வழங்கப்பட்டிருப்பதால் எனக்கு விடுப்புக் கிடைக்காத நிலை – அதிகாரங்களைத் திரும்பப் பெற்று ஆவன செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை:
1. சங்க நிர்வாகக் குழுவின் சித்திரை மாதத் தீர்மானம்.
2. ஒன்றியத்தின் இணையதளத்தில் நான் அளித்த மனு.
3. மேற்படி மனு குறித்து விசாரணைக்கு வருமாறு நானே எனக்கு அனுப்பிய அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

அதிகாரம் கேட்டு வரும் மனுக்களைத் தாங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். இருக்கிற அதிகாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சி வரும் மனு தங்கள் மேசைக்கு இதுவே முதலாவதாக இருக்கும். படித்துவிட்டுச் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். சிரித்த பிறகு நடவடிக்கை எடுத்தால் போதும்.

1. எங்கள் சங்கத்தில் குற்றாலத்தைச் சுற்றியுள்ள சிறு விடுதிக்காரர்கள் உறுப்பினர்களாக உள்ளனர். அறை முன்பதிவு, வாடகை வசூல், கொள்முதல், பணியாளர் விடுப்பு எல்லாமே இணையச் செயலி ஒன்றின் வழியாக நடக்கின்றன. அதை உருவாக்கித் தந்தவர் ஆய்க்குடியைச் சேர்ந்த மென்பொருள் பொறியாளர் திரு. ஸ்டான்லி. செயலியின் வாசலில் காவலுக்கு அவர் ஒரு திறமூலப் பாதுகாப்புச் சட்டகத்தை நிறுத்தியுள்ளார். பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் படித்துப் பார்த்துக் குறை சொல்லலாம் என்று பொதுவில் வைத்திருக்கும் நிரல் அது.

2. இதைச் சங்கக் கூட்டத்தில் அவர் விளக்கியபோது எதிர்ப்பு எழுந்தது. பூட்டு செய்யும் விதத்தை ஊருக்கே சொல்லிவிட்டால் திருடனுக்கும் தெரிந்துவிடாதா என்று செயலாளர் திரு. முத்துச்செல்வம் கேட்டார். அதற்கு ஸ்டான்லி, "பூட்டு எப்படிச் செஞ்சதுன்னு எல்லாருக்கும் தெரியட்டும் அண்ணாச்சி, அப்பதான் ஓட்டை இருந்தா நாலு பேரு சொல்லுவாவ. சாவி மட்டும் அவங்கவங்க கையில இருக்கணும்" என்றார். அனைவரும் தலையாட்டினர். தலையாட்டுவதில் எங்கள் நிர்வாகக் குழுவை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

3. அந்தச் சட்டகம் செய்வது பெரிய மாயம் ஒன்றும் இல்லை. வருகிறவர் யார் என்று கேட்கும். யாரென்று தெரிந்த பிறகு, அவருக்கு இங்கே என்ன வேலை என்று பார்க்கும். கல்யாண வீட்டில் வாசலில் சந்தனம் கொடுத்து "வாங்க" என்பது ஒன்று, பணப்பெட்டி இருக்கும் அறைக்குள் விடுவது வேறு அல்லவா? அதேதான். மேலும், விண்ணப்பிக்கிறவரே அதற்கு ஒப்புதல் அளிக்கக் கூடாது என்ற விதியும் அதில் சேர்க்கப்பட்டுள்ளது. இதைக் கேட்டு வாங்கியவர் எங்கள் தலைவர் திரு. ஆதித்தன் அவர்களே. முன்பிருந்த மேலாளர் சாரல் பருவம் முழுவதும் தனக்குத்தானே விடுப்பு எழுதிக்கொண்டு பண்பொழியில் மாந்தோப்பைக் கவனித்துக்கொண்டிருந்ததால் அந்த விதி தேவைப்பட்டது. அவர் ஓய்வு பெற்றதிலிருந்து மேலாளர் நாற்காலி காலியாக உள்ளது. உள் தணிக்கையாளர் நாற்காலிக்கும் ஆள் இல்லை.

4. தலைவர் அவர்களுக்குப் புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையும் உண்டு. ஏலம் நடக்கும்போது, ஒவ்வொரு ஒப்புதலுக்கும் சட்டகம் கேட்கும் ஒருமுறைக் கடவுச்சொல் (ஓ.டி.பி.) அவருடைய கைப்பேசிக்கு வரும். அவர் அதைப் பார்க்க மாட்டார். பார்த்தாலும் கண்ணாடி இருக்காது. செயலாளரோ தினமும் காலையில் ஐந்தருவியில் குளிப்பவர். இங்கே மதுரையிலிருந்து வந்த குடும்பம் ஈரத்துணியோடு அறைக்காகக் காத்திருக்கும். அங்கே அவருடைய கைப்பேசி பிளாஸ்டிக் பைக்குள் சோப்பு டப்பாவோடு கிடக்கும்.

5. இதைவிடப் பெரிய குறை மரியாதைக் குறை. சிறிது நேரம் எதுவும் செய்யாமல் இருந்தால் சட்டகம் ஆளை வெளியே அனுப்பிவிட்டு, மறுபடி யார் என்று கேட்கும். ஒருநாள் தலைவர் தேநீர் குடித்து முடிப்பதற்குள் அவரை வெளியே அனுப்பிவிட்டது. "ஏம்மா நூர்நிஷா, தென்காசியில என்னைத் தெரியாத ஆளு உண்டா? இந்தப் பொட்டி என்னைப் பாத்து நீ யாருன்னு கேக்குது. இதை எழுதுனவன் யாரு? நம்பரைக் குடு, நான் பேசுதேன்" என்று அவர் கேட்டார். எழுதியவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்று சொன்னேன். அங்கே நம்ம ஊர்க்காரர் யாராவது இருப்பார்கள், விசாரி என்றார்.

6. ஆகவே பார்வை 1-இல் கண்ட தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. நிர்வாக வசதி கருதி, சங்கப் பொறுப்பாளர்கள் அனைவருடைய கணினி அதிகாரங்களும் கணினி இயக்குநர் நூர்நிஷாவின் கணக்கிற்கே மாற்றப்படுகின்றன என்பது அதன் சாரம். அதற்கு ஒப்புதல் தருவதற்காகத் தலைவரும் செயலாளரும் கடைசியாக ஒருமுறை தங்கள் கைப்பேசியைத் தாங்களே பார்த்துக் கடவுச்சொல்லை அடித்தார்கள். "எல்லாச் சாவியும் ஒரே ஆளுட்ட குடுக்காதிய" என்று ஸ்டான்லி சொல்லிப் பார்த்தார். "நூர்நிஷா நம்ம வீட்டுப் பிள்ளை" என்று பதில் வந்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. ஊதியத்தைப் பற்றிய பேச்சு எழவில்லை.

7. உள்ளதைச் சொன்னால், முதல் சில வாரங்கள் எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. கணினி இயக்குநராக நான் கேட்ட புதிய மின்விசிறிக்கு மட்டும் தலைவராக என்னால் ஒப்புதல் தர முடியவில்லை. மற்றபடி சங்கம் மிக ஒற்றுமையாக நடந்தது. நிர்வாகத்தில் கருத்து வேறுபாடே இல்லை.

8. இந்நிலையில் சவூதி அரேபியாவின் தம்மாமில் குளிர்சாதனப் பழுது நீக்குநராக வேலை பார்க்கும் என் கணவர் விடுப்பில் ஊருக்கு வந்துள்ளார். எங்களுக்குத் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. நிக்காஹ் முடிந்து ஒரே மாதத்தில் அவர் விமானம் ஏறிவிட்டார். அதாவது நான் என் கணவரோடு சேர்ந்து வாழ்ந்தது அந்த ஒரு மாதம்தான். பிறகு எல்லாம் காணொளி அழைப்பில்தான். இப்போது வந்திருக்கும் விடுப்பை விட்டால் அடுத்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அவரைப் பார்க்க முடியும். இதை ஒரு மனுவில் எழுதலாமா என்று எனக்குத் தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

9. அவர் வருவதற்கு முன்பே ஒரு மாத விடுப்புக்குச் செயலியில் விண்ணப்பித்தேன். உடனே, "விண்ணப்பதாரரே ஒப்புதல் அளிக்க இயலாது. வேறொரு பொறுப்பாளரை அணுகவும்" என்று செய்தி வந்தது. மேலாளரை அணுகினேன். நான்தான் இருந்தேன். செயலாளரை, தலைவரை, கடைசியாகத் தணிக்கையாளரையும் அணுகிப் பார்த்தேன். எங்கே போனாலும் நானே உட்கார்ந்திருந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே சாமியும் நான், பூசாரியும் நான், வரம் மட்டும் கிடைக்கவில்லை.

10. தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாமே என்று தாங்கள் நினைக்கலாம். தாளில் எழுதிய விடுப்பு செல்லாது என்று சங்கம் ஏற்கெனவே முடிவு செய்துள்ளது. பழைய மேலாளரின் புண்ணியம். அனுமதி இல்லாமல் தொடர்ந்து வராமலிருந்தால் ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லிச் செயலி தானாகவே ஒரு கோரிக்கை எழுப்பும். அதைக் கோருவது நான் அல்ல, இயந்திரம். ஆகவே என்னை வேலையை விட்டு நீக்கும் ஆணைக்கு ஒப்புதல் அளிக்க எனக்குத் தடை ஏதும் இல்லை. விடுப்புக் கொடுக்க வக்கில்லாத நான், என்னை வீட்டுக்கு அனுப்ப முழுத் தகுதி பெற்றிருக்கிறேன்.

11. பதவிகளையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று முயன்றேன். ஒருவரிடமிருந்து பதவியை எடுக்கத் தலைவரும் இன்னொரு பொறுப்பாளரும், ஆக இரண்டு தனித்தனி ஆட்கள் இசைய வேண்டும். ஆட்களுக்குப் பஞ்சம். ஸ்டான்லியிடம் பேசினேன். பதவியை மாற்றும் உரிமை செயலியைச் செய்தவருக்கும் கிடையாதாம். சட்டகத்தை எழுதியவர்களின் பொது மன்றத்தில் அவர் எங்கள் சிக்கலை விவரமாக எழுதிக் கேட்டார். முகம் தெரியாத ஒருவர் மறுநாளே பதில் அனுப்பியிருந்தார். சட்டகத்தில் கோளாறு இல்லை, அது சரியாகவே வேலை செய்கிறது, உங்கள் அலுவலகத்தில் இரண்டாவது ஆள் என்று ஒருவரும் இல்லையா என்று அந்த நல்ல மனிதர் கேட்டிருந்தார். 

12. பார்வை 2-இல் கண்டபடி தங்கள் ஒன்றியத்தின் இணையதளத்தில் மனு அளித்தேன். அது "உரிய நடவடிக்கைக்காக" என்று குறிப்பிட்டு எங்கள் சங்கத்திற்கே அனுப்பப்பட்டது. சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அது என்னிடம் வந்து சேர்ந்தது. மனுதாரரை நேரில் விசாரிப்பது முறை என்பதால் எனக்கு அறிவிப்பு அனுப்பினேன். குறித்த நேரத்தில் ஆஜரானேன். விசாரணைக்கு மனுதாரர் முழு ஒத்துழைப்பு அளித்தார். மனுவில் கூறப்பட்டவை அனைத்தும் உண்மை என்று தெரியவந்தது. ஆனால் மனுதாரரும் விசாரணை அலுவலரும் ஒருவரே என்பதால் கோப்பை முடிக்கச் சட்டகம் மறுத்துவிட்டது. மனுவை நிலுவையில் போட்டதற்கு விளக்கம் கேட்டு இப்போது ஒன்றியத்தின் இணையதளத்திலிருந்து தினமும் எனக்குக் குறிப்பாணை வருகிறது.

13. இதற்கிடையில் என் கணவர் பொறுமை இழந்து, எங்கள் சங்க அலுவலகம் உள்ள விடுதியிலேயே ஓர் அறையை முன்பதிவு செய்து தங்கினார். வரவேற்பு மேசையில் நானே அவரைப் பதிவு செய்தேன். வருகையின் நோக்கம் என்ற இடத்தில் "மனைவியைப் பார்க்க" என்று எழுதினார். பணியாளர் குடும்பச் சலுகையைச் சட்டகம் மறுத்துவிட்டது, ஏனென்றால் அதை அனுமதிக்க வேண்டியவளும் நானே. பருவகால வாடகை முழுவதையும் கட்டிவிட்டு, என் எதிரே உள்ள நாற்காலியில் உட்கார்ந்து நேந்திரங்காய் வறுவல் தின்றுகொண்டிருந்தார். வெந்நீர் வரவில்லை என்று ஒருதரம் மேசைக்கு வந்தார். துண்டு வேண்டும் என்று ஒருதரம் வந்தார். அருவியில் குளிக்கத் தடை நீங்கிவிட்டதா என்று கேட்டு நாலைந்து தரம் வந்தார். அவர் பின்னால் வரிசையில் நின்றவர்கள் இந்த ஆளுக்கு வேறு வேலை இல்லையா என்று முணுமுணுத்தார்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மேசையில் இருக்கும்போது இரண்டையும் செய்யக் கூடாது.

14. என் மாமியார் சைதூன் பீவி அவர்கள் இது குறித்துத் தெரிவித்த கருத்தைச் சொல் மாற்றாமல் தருகிறேன்: "எம்மவன் லீவுல ஒன்னப் பாக்க வந்தானா, ஒங்க ஆபீசுக்கு வாடகை கட்ட வந்தானா? தலைவரும் நாந்தான், செயலாளரும் நாந்தான்னு சொல்லுத. அப்போ ஒன் தலைவர்ட்ட சொல்லி லீவு வாங்குறதுக்கு என்ன?" 

15. விவரம் முழுவதையும் தலைவர் அவர்களிடம் சொன்னேன். மனம் இளகிவிட்டார். "ஒரு பிள்ளைக்கு லீவு குடுக்க விடாத சட்டகம் நமக்கு எதுக்கும்மா? ஸ்டான்லியைக் கூப்பிட்டு அதை அப்படியே தூக்கிரச் சொல்லு" என்று உத்தரவிட்டார். அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் இதற்கு நான் உடன்படவில்லை என்பதைத் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவர வேண்டும்.

16. சென்ற மாதம் ஓர் ஆள் தொலைபேசியில் அழைத்தார். திருச்சியிலிருந்து தனியாக வந்திருக்கும் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி, தான் அவருடைய அண்ணன், எந்த அறையில் இருக்கிறாள் என்று கேட்டார். சொல்ல முடியாது என்றேன். அடுத்து உறுப்பினர் ஒருவர் வழியாகச் சிபாரிசு பிடித்துக் கேட்டார். அந்த உறுப்பினர் தம் கணக்கில் நுழைந்து தேடியும் பார்த்தார். அவருக்கு அந்த வேலை இல்லை என்பதால் சட்டகம் அறை எண்ணைக் காட்டவில்லை. பிறகு அந்தப் பெண்ணிடம் கேட்டபோது, தனக்கு அண்ணனே கிடையாது என்றார்.  எங்கள் அலுவலகத்தில் சிபாரிசுக்கு மசியாமல் இருப்பது அந்தச் சட்டகம் ஒன்றுதான். என் ஒரு மாத விடுப்புக்காக, அந்தப் பெண்ணைப் போலத் தனியாக வருகிறவர்கள் தங்கும் வீட்டுக்குக் கதவைக் கழற்றிப் போட என்னால் முடியாது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்த வேண்டாம்.

17. வழி ஒன்று உள்ளது. செயலியைத் தொடங்கிய நாளிலேயே மேற்பார்வை அலுவலர் என்ற முறையில் தங்களுக்கும் ஒரு கணக்கு உருவாக்கப்பட்டது. சங்கத்தில் யாருடைய பதவியையும் எடுக்கவும் கொடுக்கவும் அந்தக் கணக்கிற்கு உரிமை உண்டு. அது இன்றுவரை திறக்கப்படவில்லை. சட்டகத்தின் கண்ணில், இந்தச் சங்கத்தில் அதிகாரம் உள்ளவர்களில் நான் அல்லாத ஒரே ஆள் தாங்கள்தான்.

18. இதைத் தங்கள் அலுவலகத்தில் தொலைபேசி வழியாகத் தெரிவித்தேன். பேசிய ஊழியர் மிகவும் கனிவானவர். "ஐயாவுக்குக் கம்ப்யூட்டர் சரிப்படாதும்மா. எதுக்குச் சுத்தி வளைக்கணும்? ஐயா பேருல உள்ள கடவுச்சொல்லை வாட்ஸாப்புல அனுப்பி விடுதேன், நீங்களே போட்டுக்கிடுங்க" என்றார். சொன்னபடியே அனுப்பியும் விட்டார்.

19. ஐயா, அந்தச் செய்தி என் கைப்பேசியில் ஓர் இரவு முழுவதும் இருந்தது. அதைத் திறந்து அடித்திருந்தால் அடுத்த நிமிடமே எனக்கு விடுப்பு. நானும் அவரும் மறுநாள் காலையில் பழைய குற்றாலத்தில் நின்றிருப்போம். யாருக்கும் தெரியாது. கேட்க வேண்டிய தலைவரும் நான், தணிக்கை செய்ய வேண்டியவளும் நான். மிகவும் ஆசையாக இருந்தது. ஆனால் தங்கள் பெயரிலும் நானே நுழைந்துவிட்டால், அதற்குப் பிறகு இந்தச் சங்கத்தில் எனக்கு முடியாது என்று சொல்ல ஒருவருமே இருக்க மாட்டார்கள். அதை நினைக்கப் பயமாக இருந்தது. காலையில் செய்தியைப் படிக்காமலே அழித்துவிட்டேன். என் கணவரிடம் சொன்னேன். "அஞ்சு பேரா இருக்கும்போதே ஒன்னயக் கையில பிடிக்க முடியல, ஆறாவது ஆளும் ஆயிட்டா நான் என்ன செய்ய" என்றார். கோபம்தான். ஆனாலும் சிரித்தார்.

20. எனவே தங்களிடம் நான் வேண்டுவது:

அ) இம்மனுவை "உரிய நடவடிக்கைக்காக" என்று எங்கள் சங்கத்திற்கு அனுப்பிவிட வேண்டாம். வந்தால் நான்தான் பிரித்துப் படிக்க வேண்டும். எனக்கு இதில் உள்ள விவரங்கள் ஏற்கெனவே தெரியும்.

ஆ) தங்கள் கணக்கிற்குப் புதிய தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றை ஸ்டான்லி நேரடியாகத் தங்கள் கைப்பேசிக்கு அனுப்புவார். அதைத் தாங்களே, தங்கள் கையாலேயே அடித்து உள்ளே வர வேண்டும். உதவியாளரிடம் கொடுக்க வேண்டாம். என்னிடம் கொடுக்கவே வேண்டாம்.

இ) தலைவர் பதவியைத் தலைவருக்கும், செயலாளர் பதவியைச் செயலாளருக்கும் திருப்பி அளிக்க வேண்டும். தலைவருக்குக் கண்ணாடியைக் கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்ள அறிவுறுத்தலாம். மேலாளராகவும் தணிக்கையாளராகவும் தகுந்த வேறு ஆட்களை நியமிக்க வேண்டும்.

ஈ) சட்டகத்தை அதன் போக்கில் விட்டுவிட வேண்டும். அது யாரையும் அவமதிக்கவில்லை. யார் என்று கேட்டால் சொல்லிவிட்டுப் போவதில் ஒன்றும் குறைந்துவிடாது.

உ) மேற்கண்டவை முடிந்ததும், என் விடுப்பு விண்ணப்பம் தலைவரின் பார்வைக்குத் தானாகவே போய்ச் சேரும். அவர் மறுத்தாலும் எனக்குச் சம்மதமே. மறுப்பதற்கு என்னைத் தவிர ஓர் ஆள் இருந்தால் போதும், மீதியை நான் பேசிச் சமாளித்துக்கொள்வேன்.

ஐந்து பதவிகளின் கையொப்பத்தையும் இடுவதற்கு எனக்கு உரிமை இருந்தும், கணினி இயக்குநராக மட்டுமே இதில் ஒப்பமிடுகிறேன்.

இடம்: குற்றாலம்
நாள்: 24.07.2025

தங்கள் ஒரு விரலசைவுக்காகக் காத்திருக்கும்,
(ஒப்பம்) நூர்நிஷா

பி.கு.: இம்மனு தபாலில் வரவில்லை. இதைத் தங்களிடம் நேரில் கொடுத்துவிட்டு எதிரே நின்றுகொண்டிருப்பவர் என் கணவர் கிதிர் முகம்மது. தங்கள் அலுவலகக் குளிர்சாதனக் கருவி சரியாக ஓடவில்லை என்று கேள்விப்பட்டேன். வேண்டுமானால் பார்த்துத் தருவார். ஆனால் தாங்கள் உள்ளே நுழைந்து அந்தப் பொத்தானை அழுத்தும்வரை அவர் அங்கிருந்து நகர மாட்டார். எவ்வளவு நேரம் ஆனாலும் அவருக்குப் பரவாயில்லை, அவர் விடுப்பில் இருக்கிறார்.